கதை முடிந்ததும் நீதி சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கினாலே அபாகஸ், கையெழுத்து, நீச்சல், நன்னெறி வகுப்பு என்று பெற்றோர் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். பிள்ளைக்குச் சிந்திக்கக் கற்றுக்கொடுக்க ஏதாவது வகுப்பு இருக்கிறதா என்று கேட்பவர்களும் உண்டு. அதற்குப் பணம் கட்டி எங்கும் அனுப்ப வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் கூடத்தில் பாய் விரித்து அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்வது, எந்த இடத்தில் அது கெட்டுப்போகும் என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

குழந்தைக்குத் தத்துவம் என்றதும் சாக்ரடீஸ், சங்கரர், புத்தர் என்று பெயர்களை ஒப்பிக்க வைப்பது என்று நினைக்கிறார்கள். இல்லாவிட்டால் ‘பொய் சொல்லக் கூடாது பாப்பா’ வகை அறிவுரை என்று நினைக்கிறார்கள். இரண்டையும் ஒதுக்கி வையுங்கள். ‘யானை எத்தனை கிலோ?’ என்ற கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. ‘யானை பிடிக்குமா, குதிரை பிடிக்குமா?’ என்பது அவரவர் விருப்பம். ‘யானைக்கு வருத்தம் வருமா, அது வருத்தமா இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்வி இந்த இரண்டிலும் சேராது. எல்லாத் தகவலையும் கையில் வைத்துக்கொண்டும் இரண்டு பேர் இதில் வேறுபடலாம். யார் சொல்வதை ஏற்பது என்பதைக் காரணத்தை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும். இந்த மூன்றாவது வகைக் கேள்விதான் நமக்கு வேண்டும். முதல் வாரம் வேறெதுவும் வேண்டாம். பத்துத் துண்டுச் சீட்டில் பத்துக் கேள்வி எழுதிப் போட்டு, மூன்று கிண்ணங்களில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். எந்தக் கிண்ணம் என்று பிள்ளைகளுக்குள் சண்டை வரும் சீட்டுகளை எடுத்து வையுங்கள். அடுத்த சில வாரங்களுக்கு அவையே போதும்.

குழந்தைகளால் இது முடியுமா என்ற சந்தேகம் புதிதல்ல. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த மாத்யூ லிப்மன், காரணம் சொல்லி வாதிடும் பழக்கத்தைக் கல்லூரி வயதில் ஆரம்பிப்பது தாமதம் என்று கண்டு, 1974இல் நியூ ஜெர்சியின் மான்ட்கிளேரில் குழந்தைகளுக்கான தத்துவத்துக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த காரெத் மாத்யூஸ் ஓர் ஆறு வயதுப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறார். பாத்திரத்தை வழித்து நக்கிக்கொண்டிருந்த அந்தப் பையன், எல்லாமே கனவு இல்லை என்று நமக்கு எப்படித் தெரியும் என்று அப்பாவைக் கேட்டான். அப்பா திகைத்துப்போய், தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உனக்கு எப்படித் தோன்றுகிறது என்று திருப்பிக் கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பையன் சொன்ன பதில்: கனவாக இருந்தால், இது கனவா என்று யாரும் கேட்டுக்கொண்டு திரிய மாட்டார்கள். இந்தப் பதிலில் ஓட்டை இருக்கலாம். ஆனால் அது காரணத்தோடு கூடிய பதில். அந்த அப்பா செய்ததும் கவனிக்க வேண்டியது. அவர் விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. கேள்வியைப் பிள்ளையின் கையிலேயே விட்டார்.

இதனால் மதிப்பெண் ஏறும் என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். இங்கிலாந்தில் 48 தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகளுக்கான தத்துவத்தை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2015இல் வந்தபோது, வாசிப்பிலும் கணக்கிலும் சிறு முன்னேற்றம் தெரிந்ததாகச் சொன்னார்கள். அதைவிடப் பெரிய சோதனையின் முடிவு 2021இல் வந்தது. வாசிப்பு மதிப்பெண்ணில் அந்தப் பலன் தெரியவில்லை. பிள்ளை பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கவும், தான் சொல்வதற்குக் காரணம் தேடவும் பழக வேண்டும் என்பதற்காக மட்டும் இதைச் செய்யுங்கள். அதுவே பெரிய காரியம்.

இனி செய்முறை. ஐந்து முதல் ஏழு வயதுவரை பதினைந்து நிமிடம், எட்டு முதல் பதினொன்று வரை அரை மணி, அதற்கு மேல் முக்கால் மணி. பிள்ளைகள் இன்னும் பேச வேண்டும் என்று துடிக்கும்போதே நிறுத்திவிடுவது நல்லது. கொட்டாவி வந்த பிறகும் இழுத்தால் அடுத்த வாரம் வர மாட்டார்கள். மூன்று முதல் ஆறு பிள்ளைகள் இருந்தால் பேச்சு நன்றாக ஓடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும், லீவுக்கு வந்திருக்கும் அத்தை பிள்ளை, மாமா பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லோரும் தரையில் வட்டமாக, பெரியவரும் அதே தரையில். பெரியவர் நாற்காலியிலும் பிள்ளைகள் கீழேயும் இருந்தால் அது வகுப்பாகிவிடும். டிவியை அணைத்துவிட்டு, கைப்பேசிகளை வேறு அறையில் வைத்துவிட வேண்டும், பெரியவருடையதையும் சேர்த்துத்தான். பள்ளி விட்டு வந்த பசியோடு உட்கார வைக்காதீர்கள். ஏதாவது தின்னக் கொடுத்த பிறகு ஆரம்பியுங்கள்.

வீட்டில் ஒரே பிள்ளை என்றால் எதிர்ப்பக்கம் பேச ஆள் வேண்டும். சின்னக் குழந்தைக்கு ஒரு பொம்மையை உட்கார வைத்து, ‘இந்தக் கரடி அதை ஒத்துக்கலையே, அதுக்கு என்ன சொல்லப்போற?’ என்று கேட்கலாம். பெரிய பிள்ளையிடம் ‘ஒருத்தர் இப்படிச் சொன்னா?’ என்று ஆரம்பியுங்கள். ‘நான் இப்படி நினைக்கிறேன்’ என்று ஆரம்பித்தால் அம்மாவோ அப்பாவோ சொன்னதே கடைசி வார்த்தையாகிவிடும்.

கதை மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சொல்லி முடித்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது. பிறகு ஆளுக்கு ஒரு கேள்வி. எழுதத் தெரிந்த பிள்ளை ஒரு நோட்டில் எல்லாக் கேள்விகளையும் எழுதட்டும். எதைப் பேசலாம் என்று கை தூக்கித் தேர்ந்தெடுக்கட்டும். பெரியவருக்கு அதில் ஓட்டு வேண்டாம். தேர்வான கேள்வியைக் கேட்ட பிள்ளைதான் முதலில் பேச வேண்டும்: இந்தக் கேள்வி ஏன் வந்தது என்று. அதன் பிறகு பேச்சு. கடைசி இரண்டு நிமிடத்தில் ஆளுக்கு ஒரு வாக்கியம்: ஆரம்பத்தில் நினைத்தது மாறியதா, மாறியிருந்தால் எதனால்?

நம் வீடுகளில் கதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ‘இக்கதையின் நீதி யாதெனில்’ என்று ஒரு வரியை நாமே கடைசியில் ஒட்டிவிடுகிறோம். அந்த வரி விழுந்த மறுகணம் பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிடுகிறது. பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். புகழ்ச்சிக்கு மயங்காதே என்று முடித்தால் கதை முடிந்தது. நீதியைச் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஐந்து வயதுக் குழந்தைக்கே கேள்வி வரும்: வடை இப்போ யாருது? நரியுடையது என்று ஒரு குழந்தை சொல்லும். நரி பிடுங்கவில்லை, காக்காதானே வாயைத் திறந்து கீழே போட்டது என்பது அதன் காரணம். காக்காவே திருடியதுதானே, திருடின பொருளை ஏமாற்றி வாங்கினால் அது திருட்டா என்று இன்னொன்று கேட்கும். பெரியவர் இப்போது செய்ய வேண்டியது ஒன்றே. கதையைக் கொஞ்சம் மாற்றிப்போட வேண்டும். ‘நரி பாட்டுப் பாடச் சொல்லல, சும்மா மரத்தடியில படுத்திருந்துச்சு, வடை தானா விழுந்துச்சு. இப்ப?’ பிறகு, ‘காக்காவுக்கு அந்த வடையைப் பாட்டியே கொடுத்திருந்தா?’ ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பிள்ளையின் காரணம் நிற்கும், இன்னொன்றின் காரணம் சரியும். உடைமை, ஏமாற்று, திருட்டு மூன்றையும் பிள்ளைகள் தாங்களாகவே பிரித்துப் பார்க்கத் தொடங்குவது இங்கேதான்.

பெரியவரின் வாயில் ஐந்து கேள்விகள் தயாராக இருக்க வேண்டும்: ‘ஏன் அப்படித் தோணுது?’, ‘எப்பவுமே அப்படித்தானா?’, ‘ஒரு உதாரணம் சொல்லு’, ‘அவ சொன்னதும் நீ சொன்னதும் ஒண்ணா, வேறயா?’, ‘அப்படின்னா அடுத்து என்ன ஆகும்?’. வீட்டில் பேசும் பேச்சிலேயே கேளுங்கள். ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளை ஆங்கிலச் சொல் கலந்து பேசினால் நடுவில் திருத்தாதீர்கள். திருத்தினால் யோசனை அறுந்துபோகும். கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேலாக்கியதும் பதில்கள் நீண்டன, அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். வீட்டில் நம் அவசரம் அதைவிட மோசம்.

எட்டு வயதுக்கு மேலென்றால் தேர் பற்றிய கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள். திருவாரூர் ஆழித்தேர் 1926இல் தீப்பற்றி எரிந்தது. பிறகு புதிதாகச் செய்தார்கள். இப்போது ஓடுவது அதே தேரா, வேறு தேரா? ‘பேரு அதேதான், அதனால அதே தேர்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், உன் தாத்தா பெயரை உனக்கு வைத்தால் நீ தாத்தாவா என்று இன்னொரு பிள்ளையே கேட்டுவிடும். ‘மரம் வேற, அதனால வேற தேர்’ என்பவரிடம், எரியாமல் வருடத்துக்கு ஒரு சட்டமாக மாற்றிக்கொண்டே வந்து ஐம்பது வருடத்தில் எல்லா மரமும் புதிதாகியிருந்தால் என்ன சொல்வாய் என்று கேளுங்கள். எத்தனையாவது சட்டத்தில் அது வேறு தேரானது? கிரேக்கர்கள் தங்கள் புராண வீரன் தீசியஸின் கப்பலை வைத்துக் கேட்ட கேள்விதான் இது. தாமஸ் ஹாப்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1655இல் இதில் இன்னொரு முடிச்சுப் போட்டார்: கழற்றிய பழைய பலகைகளை எல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல்? தேருக்கும் அதைக் கேட்கலாம். கடைசியில் பிள்ளையின் கைக்குழந்தைப் போட்டோவை எடுத்து நடுவில் வையுங்கள். பால் பல் விழுந்துவிட்டது, உயரம் மாறிவிட்டது, அப்போது நடந்தது ஒன்றும் நினைவில்லை. இது நீதானா? எதை வைத்துச் சொல்கிறாய்? இதற்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

பத்து வயதுக்கு மேல் காரணத்தை அடுக்கிப் பார்க்கவும் கற்றுக்கொடுக்கலாம். அதற்குத் தமிழுக்கு வெளியே போக வேண்டாம். மணிமேகலையின் 29ஆம் காதையில் பக்கம் (சொல்ல வந்தது), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்), உபநயம் (பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு) என்று ஒரு வாதத்தின் ஐந்து உறுப்புகள் வருகின்றன. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல, மலையிலும் புகை இருக்கிறது, ஆகவே நெருப்பு இருக்கிறது. இதை வாசல் செருப்புக்கு மாற்றுங்கள். அப்பா வீட்டில் இருக்கிறார், ஏனென்றால் செருப்பு வாசலில் கிடக்கிறது, நேற்றும் செருப்பு கிடந்தபோது உள்ளேதான் இருந்தார், இன்றும் கிடக்கிறது, ஆகவே உள்ளே இருக்கிறார். இப்போது உடைக்கச் சொல்லுங்கள். ஷூ போட்டுக்கொண்டு போயிருந்தால்? அது அண்ணன் செருப்பாக இருந்தால்? முதலாவது, செருப்பு கிடந்தும் அப்பா வெளியே இருக்கலாம் என்று காட்டுகிறது. இரண்டாவது, காரணமாகச் சொன்னதே உண்மைதானா என்று கேட்கிறது. இந்த இரண்டு உடைப்பும் வேறு வேறு என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டால் அன்றைய பொழுது வீண்போகவில்லை. அதே காதை, கண்ணில் படுவது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே அதைப் புகை என்று கொண்டு நெருப்பு உண்டென்று துணிவதைப் பிழையான காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறது. இட்லிப் பானை ஆவியைக் காட்டி இதை விளக்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பும் அவசரமும் இதே பிழைதான் என்று பெரிய பிள்ளைகள் தாமே சொல்லிவிடுவார்கள்.

பள்ளியில் மனப்பாடம் செய்த குறளையும் கேள்வியாக்கலாம். ‘வாய்மை எனப்படுவது யாதெனின் யாதொன்றும் தீமை இலாத சொலல்’ என்கிறது 291. ‘பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’ என்கிறது அடுத்த குறள். உரையைப் படிப்பதற்கு முன்பே நிகழ்ச்சிகளைக் கொடுத்துப் பொருத்திப் பாருங்கள். ஊசி வலிக்காது என்று அம்மா சொல்வது. கடன்காரர் போன் செய்தால் அப்பா இல்லை என்று சொல்லச் சொல்வது. நன்றாக இல்லாத ஓவியத்தை நன்றாக இருக்கிறது என்பது. இதில் எதில் நன்மை ‘புரைதீர்ந்த’, அதாவது குற்றமற்ற, நன்மை? யாருக்கு நன்மை? அதை யார் முடிவுசெய்வது? இங்கே பெரியவர்கள் தயாராக இருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ‘போன வாரம் நீங்களே அப்படிச் சொன்னீங்களே’ என்று பிள்ளை கை நீட்டும். அப்போது முகம் சிவந்தாலோ, வாய்க்கொழுப்பு என்று அதட்டினாலோ, இந்தப் பழக்கம் அன்றோடு முடிந்தது. ‘ஆமா, சொன்னேன். அது சரியா தப்பான்னு பேசுவோம்’ என்று சொல்ல முடியாதவர்கள் இந்தத் தலைப்பை எடுக்காமல் இருப்பதே நல்லது.

அக்கா மட்டும் ஏன் தட்டுக் கழுவ வேண்டும் என்ற கேள்வியும் அப்படித்தான். நியாயம் என்றால் எல்லோருக்கும் சமமா, முடிந்தவர்க்கு அதிகமா, மாறி மாறியா என்று பிள்ளைகள் அழகாகப் பேசுவார்கள். பேசி முடித்தபின் வீட்டு வழக்கம் அப்படியே இருந்தால், இது வெறும் பேச்சு என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். காரணம் சரியாக இருந்தால் மறுநாளே தம்பியும் கழுவ வேண்டும், அப்பாவும் கழுவ வேண்டும்.

வழக்கமாகக் கெட்டுப்போகும் இடங்கள் இன்னும் சில உண்டு. பிள்ளைகள் நம் முகத்தைப் படித்துப் பதில் சொல்வார்கள். நமக்குப் பிடித்த பதில் வந்ததும் ‘சபாஷ்’ என்றால் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். நாம் ஒத்துக்கொள்ளும் பதிலுக்கும் ‘ஏன்?’ கேட்க வேண்டும். பாராட்டினால் காரணத்தைப் பாராட்ட வேண்டும். மூத்த பிள்ளையே பேசிக்கொண்டிருந்தால் ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுங்கள். ஒரு முறை பேசினால் ஒன்றை நடுவில் போட வேண்டும், தீர்ந்தால் கேட்க மட்டுமே செய்யலாம். மூத்தது வார்த்தையை எண்ணிப் பேசும், சின்னது கொட்டையைத் தீர்ப்பதற்காகவாவது வாய் திறக்கும். சில பிள்ளைகள் தங்கள் கதையையே சொல்லிக்கொண்டு போவார்கள். ‘இது யார் பக்கத்துக்கு உதவுது?’ என்று கேட்டால் பேச்சு திரும்பி வரும். பன்னிரண்டு வயதுக்காரர்கள் ‘அவங்கவங்க கருத்து அவங்கவங்களுக்கு’ என்று கதவைச் சாத்துவார்கள். ‘உன் சைக்கிளை நான் கேட்காம வித்துட்டு, அது என் கருத்துன்னு சொன்னா?’ என்று கேளுங்கள். விருப்பத்துக்கும் நியாயத்துக்கும் உள்ள வேறுபாட்டை அதன் பிறகு அவர்களே விளக்குவார்கள்.

எல்லாவற்றையும் விவாதமாக்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தகவல் பிழை வந்தால் நேராகத் திருத்திவிடுங்கள். பூமி உருண்டையா என்பதற்கு ஓட்டெடுப்பு வேண்டாம். ரோட்டைக் கடக்கும்போது கையை விடு என்று பிள்ளை வாதிட்டால், ‘இப்போ பிடிச்சுக்கோ, ஞாயித்துக்கிழமை பேசலாம்’ என்று சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் பேசுங்கள். சாமி, சாவு பற்றிய கேள்விகள் தானாக வரும். தாத்தா பாட்டியிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அவர்கள் நம்பிக்கையைக் கேலி செய்வதற்கான இடம் இது இல்லை என்று சொன்னால் அவர்களே வட்டத்தில் உட்கார வருவார்கள். வீட்டில் ஒருவர் இறந்திருக்கும் சமயத்தில், இரவில் ஒட்டிப் படுத்துக்கொண்டு ‘நீயும் செத்துப்போயிடுவியா?’ என்று குழந்தை கேட்டால், அதற்குத் தேவை ஆறுதல். அணைத்துக்கொண்டு, புரிகிற அளவுக்கு உண்மையைச் சொல்லுங்கள். ‘உனக்கு என்ன தோணுது?’ என்று அப்போது திருப்பிக் கேட்பது கொடுமை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவர் பகுதியில் வாரம் ஒரு கதையையாவது நீதி வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரே ஒரு கேள்வியோடு வெளியிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாரியின் கதை: முல்லைக்கு ஒரு கொம்பு நட்டிருந்தால் போதாதா, தேரையே கொடுத்தது எதற்கு? பெரிய பிள்ளைகளுக்கு மனுநீதிச் சோழன் கதை: கன்று குறுக்கே பாய்ந்ததை இளவரசன் பார்க்கவில்லை, தெரியாமல் நடந்ததற்குத் தண்டனை நியாயமா, நியாயமென்றால் எவ்வளவு? அடுத்த வாரம் இரண்டு பக்கத்துக்கும் இரண்டிரண்டு பதில்களை, பிள்ளைகளின் வயதை மட்டும் போட்டு, அவர்கள் எழுதியபடியே வெளியிடுங்கள். பெரியவர்கள் எழுதிக்கொடுத்தது பார்த்தாலே தெரியும், அவற்றைத் தள்ளிவிடலாம். பரிசு தருவதாக இருந்தால், எதிர்ப்பக்கத்தின் நல்ல காரணம் ஒன்றையும் சொல்லி அதற்குப் பதிலும் எழுதிய பிள்ளைக்குக் கொடுங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி